சனிக்கிழமைத் திருத்தம்

மத்தியானச் சோற்றை வேம்புலி சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத்தான் சாப்பிட உட்கார்ந்தான். ஐப்பசி மழை காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பட்டாபிராமில் ஒரு தெருவிலாவது டி.வி. ஒழுங்காகத் தெரியவில்லை. மழைநாள் என்றால் கேபிள் லைன்மேன் பிழைப்பு அப்படித்தான். தலையைக்கூடத் துவட்டாமல் தட்டின் முன் உட்கார்ந்தவன், சோற்றின் நடுவே குழி பறித்து, "ஊத்து" என்றான். அவன் மனைவி நாகம்மா ரசத்தை ஊற்றினாள்.

பூங்காவனம் செருப்பை உதறிக்கொண்டு உள்ளே வந்தது அப்போதுதான். வேம்புலிக்கு ஒரே தங்கை. அண்ணன் கம்பி இழுக்கிற அதே கேபிளில் தினமும் ஏழு மணிக்குச் செய்தி வாசிப்பவள். அன்றைய செய்தியைப் பதிவு செய்துவிட்டு, வழியில் ரேஷன் கடைக்கும் போய்விட்டு வந்திருந்தாள். முகத்தில் பவுடர் கலையவில்லை. ஆனால் முகம் சரியில்லை.

"வணக்கம் நேயர்களே" என்றான் வேம்புலி, வாயில் சோற்றோடு.

"கிண்டல் பண்ணாதண்ணா. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பொம்பள ஒண்ணு, ரேஷன் கடையில அத்தினி பேர் முன்னாடி சொல்லுது. 'உனக்குப் பக்கத்துலயே உன்னை மாதிரி இன்னொருத்தி ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா, ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சம்பளம் தர்றாங்களா'ன்னு. ஒரே சிரிப்பு அங்க."

"நல்லதாப் போச்சு. மொதலாளி நாகேந்திரன் கைல ரெண்டு சம்பளம் கேளு."

"அங்க படம் ரெட்டையா விழுது, முப்பத்தொண்ணாம் கம்பத்துலதான் கோளாறு. போய்ப் பாரு."

"பாக்கறேன் பாக்கறேன். நாளிக்கி காலைல. பொட்டி தண்ணில ஊறிகினு கீது. இப்ப போயி அதும்மேல கைய வெச்சா இன்னா ஆவறது?"

"ஏழு மணிக்கு நியூஸ் கீது. அந்தம்மா அக்கம்பக்கத்த கூப்ட்டு வெச்சுகினு சிரிக்கும்."

"துன்றவர எழுப்பாத பூங்கா" என்றாள் நாகம்மா. "காலைலேர்ந்து அவுரு வயித்துல ஒண்ணும் இல்ல."

பூங்காவனம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஊர்ல எவன் கூப்ட்டாலும் ஓடற. தங்கச்சி சொன்னா மட்டும் உனுக்கு இளக்காரம்" என்றாள்.

வேம்புலி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். கையைக் கழுவிக்கொண்டு, "மூடி வை, வந்து துன்றேன்" என்று நாகம்மாவிடம் சொன்னான். கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகி, சர்க்கரை மூட்டையில் வருகிற பிளாஸ்டிக் தாளைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். வாசலில் திரும்பி, "ஏழு மணிக்கு உனுக்கு ஒரே மூஞ்சிதான். போதுமா?" என்றான்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சைக்கிள் கடை வரதன் ஓடி வந்தான். கையை மட்டும் குவார்ட்டர்ஸ் பக்கம் நீட்டினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேம்புலி கம்பத்தடியில் மல்லாந்து கிடந்தான். சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. செருப்பு இரண்டும் அதன் பக்கத்தில் ஜோடியாக இருந்தன. கம்பம் ஏறும்போது செருப்பைக் கழற்றி, கோயில் வாசலில் விடுகிற மாதிரி ஒழுங்காக விடுவது அவன் பழக்கம். மேலே பெட்டியின் மூடி திறந்தபடி ஆடியது. யாரோ ஒருவர் உலர்ந்த கழியால் ஒயரைத் தள்ளிவிட்டு, "உசுரு இல்லம்மா" என்றார். நாகம்மா அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பூங்காவனம் நின்றுகொண்டே இருந்தாள். எதிரே, குவார்ட்டர்ஸின் முதல் வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே டி.வி. ஓடியது. மணி ஏழு. பவுடர் போட்ட முகத்தோடு அவளே அங்கே உட்கார்ந்து, வணக்கம் சொல்லி, மறுநாள் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படம் சுத்தமாகத் தெரிந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு நிழல் இல்லை. ஒரே முகம். கோளாறைச் சரிசெய்துவிட்டு, மூடியைப் போடும்போதுதான் கரண்ட் அவனைத் தாக்கியிருக்கிறது.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம்.

நாகேந்திரன் முதலில் கேசட் கடைதான் வைத்திருந்தார். ஸ்டேஷன் ரோட்டில் அரிசி மண்டிக்கு மேலே ஒரு அறை. வாடகைக்குக் கேசட் வாங்கிப் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வைத்துக்கொள்ள முடியாமல் திண்டாடுவதைப் பார்த்து, தொண்ணூற்றொன்றில் தம் கடை டெக்கிலிருந்தே நாற்பது வீட்டுக்கு ஒயர் இழுத்தார். ராத்திரி ஒன்பதுக்கு ஒரு படம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. அப்புறம் மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனா குடை ஏறியது. நாற்பது நானூறாகி, நானூறு ஆயிரத்தைத் தாண்டியது. ஒயரெல்லாம் தெரு விளக்குக் கம்பங்கள் மேலேயே போயின. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. தூரம் போகப் போகப் படம் மங்கும் என்பதால் பத்துப் பதினைந்து கம்பத்துக்கு ஒன்றாகத் தகரப் பெட்டி வைத்தார்கள். பெட்டிக்கு வேண்டிய கரண்டை அந்தக் கம்பத்தின் விளக்குக் கம்பியிலிருந்தே கொக்கி போட்டு எடுத்தார்கள். அதற்கும் யாரிடமும் கேட்கவில்லை.

வேம்புலிதான் எல்லாக் கம்பங்களுக்கும் எண் போட்டவன். சிவப்புப் பெயின்ட்டில் 'நா.கே.' என்று எழுதி, பக்கத்தில் எண். படம் தெரியவில்லை என்று வருகிறவர்கள் தெருப் பெயர் சொல்லிக் குழப்பாமல் கம்பம் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது அவன் கண்டுபிடித்த ஏற்பாடு. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவன் எழுதுகிற மூன்றுக்கு வால் நீளம். அடுத்த எண்ணின் காலைத் தொட்டுக்கொண்டு கிடக்கும்.

செய்தி வந்தது தொண்ணூற்று மூன்றில். பாதுகாப்புத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்த ஜானகிராமன் என்பவர்தான் அந்த யோசனையைக் கொண்டுவந்தார். "டெல்லியில என்ன நடக்குதுன்னு ஊருக்கெல்லாம் தெரியுது. நம்ம ரேஷன் கடையில மண்ணெண்ணெய் என்னிக்கு வரும்னு எவனுக்கும் தெரியல" என்பார். அறையின் மூலையில் நீலத் துணி கட்டி, ஒரு மேஜையும் பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்தார்கள். கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறவர் ஒருவர் தினமும் நாலரைக்கு வந்து பத்து நிமிஷச் செய்தியை கேசட்டில் எடுத்துக்கொடுப்பார். அந்த ஒரே கேசட்தான். இன்றைய செய்திமேல் நாளைய செய்தி ஏறும்.

வாசிக்க ஆள் தேடியபோது வேம்புலிதான் தங்கையை அழைத்துப் போனான். "பிளஸ் டூ படிச்சிருக்கு. தமிழ் பேசுச்சுன்னா வாத்தியார் மாதிரி இருக்கும். ஊட்ல பேசறத வெச்சு முடிவு பண்ணிடாதீங்க" என்றான். ஜானகிராமன் ஒரு தாளைக் கொடுத்தார். அவள் ஒரு தடுமாற்றம் இல்லாமல் வாசித்தாள். நாகேந்திரனுக்குப் பெயர்தான் இடித்தது. "பூங்காவனம்னா பழைய பேராட்டம் கீதேம்மா. வரலட்சுமின்னு வெச்சுக்கலாம், பளிச்சுனு இருக்கும்." அன்றிலிருந்து மாலையில் பத்து நிமிஷம் அவள் வரலட்சுமி.

முதல் மாதத்திலேயே ஒரு கூத்து நடந்தது. புதன்கிழமை வரவேண்டிய மண்ணெண்ணெயைச் செவ்வாய் என்று வாசித்துவிட்டாள். தாளில் இருந்ததே அப்படித்தான். நாற்பது பெண்கள் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, காலி டின்களோடு நேரே ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அரிசி மண்டி வாசலில் டின்னைத் தட்டி, "எங்கடி அந்த வரலட்சுமி? வந்து எண்ணெய் ஊத்தச் சொல்லு!" என்று கத்தினார்கள். பூங்காவனம் மேலே கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜானகிராமன் கீழே இறங்கிப்போய்க் கைகூப்பினார். அன்று சாயங்காலம் செய்தியின் கடைசியில், "நேற்று நாங்கள் சொன்னது தவறு. தவறுக்கு வருந்துகிறோம்" என்று எழுதிக்கொடுத்தார்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வாராவாரம் சனிக்கிழமை, செய்தியின் முடிவில், அந்த வாரம் சொன்ன தப்பையெல்லாம் வரிசையாகத் திருத்துவார்கள். ரயில் நேரம், அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற தேதி, காணாமல்போன மாட்டின் நிறம், எதையும் விடுவதில்லை. பெரிய டி.வி.க்காரர்கள்கூடச் செய்யாத காரியம் என்று ஜானகிராமனுக்கு அதில் தனிப் பெருமை. ஜனங்களுக்கும் பிடித்துப்போனது. "சனிக்கிழமை மாத்தி சொல்லலன்னா அது நிஜம்தான்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வேம்புலியை எடுத்த மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்த மத்தியானம், நாகேந்திரன் வீட்டுக்கு வந்தார். நாகம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். அவர் முற்றத்தில் நின்றபடியே பேசினார்.

"ஊர்ல தலைக்குத் தல பேசிகினு கீறாங்கம்மா. பொட்டிதான் சாவடிச்சுதுன்றான். கொக்கி போட்டதுன்றான். இது கிளம்பிச்சின்னா ஒரே நாள்ல எல்லா ஒயரையும் அறுத்து எறிஞ்சிடுவாங்க. உள்ள தூக்கி வெச்சாலும் வெப்பாங்க. இத்தினி வருஷம் வேம்புலி இழுத்த லைனு. அவன் இழுத்தத அவன் பேர வெச்சே அறுக்கணுமா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"விசாரிக்க வந்தவங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். நியூஸ்லயும் அத சொல்லிட்டா முடிஞ்சுது. ஒரே வரி."

தாளை நீட்டினார். ஜானகிராமனின் குண்டு குண்டான கையெழுத்து. 'மின்கம்பத்தில் ஏறிய நபர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.' அதற்கு முன்னால், வேறு பேனாவில், இடுக்கில் நுழைத்து ஒரு வார்த்தை: 'மதுபோதையில்'.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அவர்களுடைய அப்பா சாராயத்தில்தான் போனார். திருநின்றவூர் ரோட்டில் கால்வாயோரம் கிடந்தவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தபோது வேம்புலிக்குப் பதினாலு வயசு. அன்றைக்குத் தொடமாட்டேன் என்று சொன்னவன் கடைசிவரை தொடவில்லை. கல்யாண வீட்டில் யாராவது ஊற்றிக்கொடுத்தால், "எங்கப்பன் எனக்கும் சேத்து குடிச்சிட்டாரு அண்ணாத்தே" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவான்.

"எங்கண்ணன் குடிக்காதுங்க" என்றாள்.

"தெரியும்மா. எனுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி ரிப்போட்டு வர மாசக்கணக்குல ஆவும். வந்தாலும் அத எவன் படிக்கப்போறான்? பேரு போடல பாரு, நபர்னுதானே கீது." பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்ல, உண்மையச் சொல்லித்தான் ஆவணும்னா சொல்லு. அப்போ அந்த மழைல அவன எதுக்கு ஏத்தினீங்கன்னு என்னைக் கேப்பாங்க. நான் ஏத்தலியேம்மா. அன்னிக்கி நான் வேம்புலிய எங்கியும் அனுப்பல. யாரு அனுப்பினாங்கன்னு எனுக்குத் தெரியாது" என்றார்.

அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது பூங்காவனத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அவர் பேசி முடித்தபோது அவள் கை தாளை வாங்கியிருந்தது.

பிற்பாடு யோசிக்கும்போதெல்லாம் தனக்குத் தானே சாக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பயந்துவிட்டேன். வேலை போய்விடும், வீட்டில் வேறு வருமானம் இல்லை. துக்கத்தில் புத்தி வேலை செய்யவில்லை. எதுவும் நிற்கவில்லை. அந்த வார்த்தை நாகேந்திரனின் கொக்கியை மட்டும் மறைக்கவில்லை. குடித்துவிட்டுத் தானாக ஏறினவனை யாரும் அனுப்பியிருக்க முடியாது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அன்று நாலரை மணிக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு அனுமதி இல்லாமல் இங்கே செய்தி எழுதுகிறவர். நாகேந்திரன் ஒரு கடுதாசி போட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தண்ணீர் லாரிக்கும் மின்சார ரயில் தாமதத்துக்கும் நடுவே அந்த வரி வந்தது. அவள் தடுமாறவில்லை. 'மது'வுக்கு மது, 'போதை'க்குப் போதை, எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். "பொதுமக்கள் மின்கம்பங்களில் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்றும் சேர்த்து வாசித்தாள்.

ஏழு மணிக்கு அவள் வீட்டுக்குள் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே யாரோ துக்கம் விசாரிக்க வந்தவர்கள் டி.வி.யைப் போட்டிருந்தார்கள். தன் குரலைத் தானே கேட்டாள். அந்த வரி முடிந்ததும் உள்ளே பேச்சு நின்றது. சற்றுப் பொறுத்து ஒரு கிழவியின் குரல், "அப்பன் புத்தி எங்க போவும்?" என்றது.

நாகம்மா எழுந்து வந்தாள். வேம்புலியின் இடுப்பிலிருந்து எடுத்துக்கொடுத்திருந்த கட்டிங் பிளேயர் அவள் கையில் இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே வருகிற கறுப்பு ஒயரை ஒரே கடியில் நறுக்கினாள். பூங்காவனத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாளிலிருந்து குழாயடியில் நாகம்மாவின் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. இரக்கமாகப் பேசினவர்களும் அந்த இரக்கத்தில் ஒரு தலையாட்டல் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள், "எங்கப்பா குடிச்சிட்டு செத்தாராம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயசு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, நாகம்மா பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, பூங்காவனத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அத்தனை நாளைக்குப் பிறகு அன்றுதான் பேசினாள்.

"அழுவாத. நான் திட்ட வரல. ஒண்ணு கேக்கறேன். மண்ணெண்ணெக்கி சொல்றீங்க இல்ல, சனிக்கெழம? மாட்டு கலரு மாறிப்போச்சின்னா சொல்றீங்க இல்ல?"

"சொல்றோம் அண்ணி."

"அதே மாரி அவருக்கும் சொல்லு. டி.வி.ல சொன்னத டி.வி.லயே திருப்பி சொல்லு. வேற ஒண்ணும் வேணாம் எனுக்கு. அவர் குடிக்கல. அவ்ளோதான். யாரு போவ சொன்னாங்க, எதுக்குப் போனாரு, அதெல்லாம் நான் எவன் கைலயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"சனிக்கெழம சொல்றேன் அண்ணி. அண்ணன்மேல சத்தியமா."

வியாழக்கிழமையே ஜானகிராமனிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதறேன்மா. எழுதறதுதான் நியாயம். நாகேந்திரன் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போறார், நல்லதாப் போச்சு. கேசட் ஓடினப்புறம் என்ன வேணும்னாலும் நடக்கட்டும்" என்றார். சனிக்கிழமை வந்ததும் ஒரு தனித் தாளை எடுத்து மற்றத் தாள்களுக்கு அடியில் வைத்தார்.

பூங்காவனம் வாசித்தாள். அந்த வாரத் திருத்தம் இரண்டு இருந்தது. நேமிலிச்சேரி கோயில் விழா பதினெட்டாம் தேதி அல்ல, இருபதாம் தேதி. காணாமல்போன சிறுமி அணிந்திருந்தது பச்சைப் பாவாடை அல்ல, நீலப் பாவாடை. அடுத்த தாளை எடுத்தாள்.

'இரண்டு வாரங்களுக்கு முன்னால் மின்சாரம் தாக்கி உயிரிழந்தவர் மதுபோதையில் இருந்ததாக நாங்கள் சொன்னது தவறு. திரு. வேம்புலி குடிப்பழக்கம் இல்லாதவர். நமது கேபிளின் பெட்டியைப் பழுதுபார்க்கும்போது அவர் உயிரிழந்தார். தவறுக்கு வருந்துகிறோம்.'

நாகேந்திரன் ஊரில் இல்லை. கேமராக்காரர் தன் பாட்டுக்குக் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். ஜானகிராமன் அவளையே பார்த்தார். யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. வாயைத் திறந்தால் போதும்.

பெட்டியைப் பழுதுபார்க்கும்போது. அந்த இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. இதைக் கேட்டதும் அந்தக் குவார்ட்டர்ஸ் பெண் என்ன நினைப்பாள்? அன்றைக்கு நாம் சிரித்தோமே, அதனால்தான் இவள் அண்ணனை மழையில் ஏற்றினாளோ என்று நினைப்பாளா? ரேஷன் கடை வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்குமா?

"இத்துடன் செய்திகள் முடிவடைந்தன. வணக்கம்" என்றாள். தாளை நாலாக மடித்தாள்.

ஜானகிராமன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் அதற்கப்புறம் அந்த மாடிப்படி ஏறவில்லை. சில மாதங்களில் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நாகம்மாவின் வீட்டில்தான் ஒயர் இல்லையே. அவள் அன்று சாயங்காலம் சைக்கிள் கடை வரதன் வீட்டுக்குப் போய், மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் டி.வி.க்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வந்தவள், துணிகளை இரண்டு பையில் அடைத்தாள். "நான் அம்மா ஊட்டுக்குப் போறேன்" என்றாள். அதோடு சரி.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் பூங்காவனம் செய்தி வாசித்தாள். நாகேந்திரனே எழுதிக்கொடுத்தார். சனிக்கிழமைத் திருத்தம் தானாக நின்றுபோனது; ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தோராம் கம்பத்திலிருந்து பெட்டியைக் கழற்றி, கொக்கியை எடுத்து, ஒயரை எதிர்ச்சாரிக்கு மாற்றியிருந்தார்கள். ரேஷன் கடைக்குப் போக அந்தக் கம்பம் இருக்கிற தெருதான் குறுக்கு வழி என்றாலும், அவள் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். மடித்த தாள் அவள் டிரங்குப் பெட்டியில் சர்ட்டிபிகேட்டுகளுக்கு அடியில் கிடந்தது.

தொண்ணூற்றெட்டில் பெரிய கம்பெனி ஒன்று பட்டணத்திலிருந்து ஒயர் கொண்டுவந்தது. ஊருக்கு ஊர் இருந்த சின்ன கேபிள்காரர்களெல்லாம் அவர்களுக்கு ஏஜென்ட்டாகிவிட்டார்கள். நாகேந்திரனும் ஆனார். உள்ளூர்ச் செய்திக்கு இனிமேல் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "வெள்ளிக்கெழம கடைசிம்மா. நேயர்களுக்கு நன்றின்னு நாலு வார்த்த நீயே சொல்லிடு" என்றார் நாகேந்திரன். சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவருக்கும் அதில் அக்கறை போயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மடிப்பில் தாள் பழுத்து, ஒரு மூலை கிழிந்திருந்தது. கேமராவுக்கு முன்னால் அதை விரித்து, 'இரண்டு வாரங்களுக்கு முன்னால்' என்பதை மட்டும் 'நாலு வருஷத்துக்கு முன்னால்' என்று மாற்றி, முழுவதையும் வாசித்தாள். "வாசித்தது வேம்புலியின் தங்கை பூங்காவனம்" என்றாள். குரல் உடையவில்லை. உடையவில்லையே என்றுதான் அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் ரேஷன் கடைக்கு வேண்டுமென்றே போனாள். வரிசையில் அந்தக் குவார்ட்டர்ஸ் பெண்ணும் நின்றாள். தலை நரைத்திருந்தது.

"நேத்து ஏழு மணிக்கு நியூஸ் பார்த்தீங்களாங்க?" என்று பூங்காவனமே கேட்டாள்.

"உள்ளூர் நியூஸா? அது இன்னுமா வருது?" என்றாள் அந்தப் பெண். "ஏழு மணிக்கு நாங்க சீரியல் இல்ல பார்ப்போம். ஏம்மா, ஏதாவது முக்கியமா?"

"இல்ல. சும்மாதான்."

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய்த் திருநின்றவூருக்கு ரயில் ஏறினாள். நாகம்மா தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டுவீட்டில் இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அன்று அரைநாள். வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வா" என்றாள். உட்கார முறத்தை ஒதுக்கி இடம் காட்டினாள். பதினொரு வயசு மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அத்தை என்று தெரிந்தும் வெளியே வரவில்லை.

"சொல்லிட்டேன் அண்ணி" என்றாள் பூங்காவனம். "நேத்து. டி.வி.ல. அண்ணன் குடிக்கலன்னு சொல்லிட்டேன். பேரு சொல்லி சொன்னேன்."

நாகம்மா பிழிந்த புடவையை உதறிக் கொடியில் போட்டாள். நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"யாரு பாத்தாங்க?"

பூங்காவனத்துக்கு அன்று காலை ரேஷன் கடை வரிசை ஞாபகம் வந்தது.

"செரி வுடு. நான் கேட்டது அந்த சனிக்கெழம. அப்போ எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க." அடுத்த துணியை எடுத்தாள். பிழிந்துகொண்டே கேட்டாள்: "அவர துன்றதுலேர்ந்து எழுப்பி அனுப்புனது யாருன்னு சொன்னியா?"

"தாள்ல அது இல்ல அண்ணி."

"தாள்ல எப்டி இருக்கும்? எழுதினவருக்குத் தெரியாது. உனுக்குத் தெரியும் இல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதனால்தான் பூங்காவனத்தால் தலையைத் தூக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாகம்மா உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். "துன்னுட்டுப் போ. நாலு அம்பதுக்கு வண்டி கீது" என்றாள்.

அவள் சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை.

பட்டாபிராமில் இறங்கி, நாலு வருஷத்துக்குப் பிறகு, குவார்ட்டர்ஸ் வழியாக நடந்தாள். கம்பம் அங்கேதான் நின்றது. விளக்கு புதிது, மேலே போகிற கம்பி புதிது. அவள் தோள் உயரத்தில், மழையில் கொஞ்சம் வெளுத்த சிவப்புப் பெயின்ட்டில் 'நா.கே. 31' என்று இருந்தது. மூன்றின் வால் நீண்டு வந்து ஒன்றின் காலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.